நாணலில் ஒரு காவல், புதரில் ஒரு காவல்

கைகள் இரண்டும் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருக்க, சந்திரகாந்தியின் காது மட்டும் கீழே குளத்து நாணலில் இருக்கும். கூடக் கொழுந்து பறிக்கும் மேனுஷா போனில் பாட்டுப் போட்டால் பிடிக்காது. "அமத்துடி, காவலுக்கு ஆளில்லாமப் போயிரும்." இலங்கை மலையில், ஹாலிஎலப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவருக்குப் பக்கத்துச் செடி நிரை கிடைக்கப் பெண்களுக்குள் அடிபிடி.

நாணலில் குடியிருக்கும் மண்ணிறக் குருவி கொஞ்சம் பெரியது. வருஷம் முழுக்க அங்கேதான். நாளெல்லாம் கரகரவென்று கத்தும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் கப்சிப். இன்னொன்றும் அதே நிறம், ஆனால் சின்னது. தீபாவளியை ஒட்டி வந்து சித்திரையோடு போய்விடும். தண்ணீரைத் தேடாது. தேயிலைப் புதருக்குள் நுழைந்துகொண்டு, யாராவது நெருங்கினால் "டக், டக்" என்று சொடுக்கும்.

"ரெண்டும் அக்கா தங்கச்சிதான். மூத்தவ பயந்தா வாயத் தெறக்க மாட்டா. எளையவ பயந்தாதான் தெறப்பா."

மூத்தவள் அடங்கினாலோ இளையவள் சொடுக்கினாலோ, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை தர்மலிங்கம் வருகிறார் என்று பொருள். அதுவரை குந்தியிருந்து கதை பேசலாம். இன்னொரு தடவை குந்தியிருக்கக் கண்டால், ஒரு மணி நேரம் ஏற வேண்டிய மேல்மலைக்கு மாற்றிவிடுவதாக அவர் சந்திரகாந்தியிடம் சொல்லியிருந்தார். சந்திரகாந்தியின் முழங்கால் வலிக்கு அது ஆகிற காரியமில்லை.

குருவி விஷயத்தை யாரோ தர்மலிங்கத்திடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். தை மாதத்தில் ஒரு காலை, நாணல் குருவி விடாமல் கத்திக்கொண்டிருக்க, எல்லோரும் நிம்மதியாகக் குந்தியிருந்தார்கள். சந்திரகாந்தி மட்டும் சட்டென்று எழுந்து கொழுந்தில் கை வைத்தார்.

"என்னக்கா, குருவிதான் கத்துதே?" என்றாள் மேனுஷா.

"எங்கேருந்துடி கத்துது? மூத்தவ எப்ப மலை ஏறினா? நல்லாக் கேளு, எளையவளும் கூடவே சொடுக்குறா."

சத்தம் மேல் நிரைப் புதருக்குள்ளிருந்து வந்தது. அத்தனை பேரும் எழுந்து நிரையில் நின்ற பிறகு சந்திரகாந்தி குரலை உயர்த்தினார்: "ஐயா, அது கால் நனையாத எடத்துல கத்தாதுங்க. தங்கச்சி கொரலப் புடிச்சிட்டு வந்திருக்கலாமே!"

புதர் அசைந்தது. கையில் போன் இன்னும் நாணல் குருவியின் குரலில் கத்த, தர்மலிங்கம் எழுந்தார். சிரிப்பதா முறைப்பதா என்று முகம் தடுமாறியது. "என்ன பார்வ? வேலையப் பாருங்க!"

அவருடைய அரைக் கால்சட்டைக்குக் கீழே அட்டை ஒன்று ரத்தம் குடித்து உப்பியிருந்தது. சந்திரகாந்தி வெற்றிலைக்காக மடியில் வைத்திருந்த சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்து, தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அட்டை கழன்று விழ அதன் மேல் தடவினார்.