சர்க்கரைப் பஞ்சு

பணியாளர் பதிவேட்டின்படி அவள் ‘வளாகத்தில் பூச்சிகள் அண்டாமல் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்’. உண்மையில் அந்த ஆய்வகத்தில் நானூறு கொசுக்களை அவள் கண்ணும் கருத்துமாக வளர்த்து வந்தாள். தட்டுத் தண்ணீரில் முட்டை பொரிய வைத்து, வளர்ந்ததும் வலைக்கூண்டில் விட்டு, தினமும் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை உள்ளே வைப்பாள். அங்கே எல்லோருக்கும் அவள் கொசு அக்கா. வீட்டில் நாத்தனாருக்கோ இது தீராத சிரிப்பு.

“ஊரே கொசுவ அடிக்குது. எங்க அண்ணி மட்டும் தொட்டில் கட்டாத குறையா வளக்கறாங்க!”

இத்தனை சீராட்டும் அவற்றை விரட்டக் கற்பதற்காகத்தான். ஆய்வாளர் மேடம் மூன்று வருடமாகக் காரட் விதையிலிருந்து எண்ணெய் எடுத்து, கையில் தடவி, கூண்டுக்குள் விட்டுப் பார்க்கிறார். வயிறு நிறைந்த கொசு யார் கையையும் சீண்டாது. ஆகவே சோதனைக்கு முதல்நாள் மாலையே பஞ்சை எடுத்துவிட வேண்டும். அது அவள் பொறுப்பு.

தைலக் கம்பெனிக்காரர்கள் இருவர் சோதனையைப் பார்க்க வரும் நாள். காலையில் கூண்டைத் துடைக்கப் போனவளுக்குப் பகீரென்றது. பஞ்சு உள்ளேயே இருந்தது. எடுத்து மேலங்கிப் பையில் திணித்தாள். மேடத்திடம் சொல்லப் போனால், மேசைமேல் அவளை வேலையில் நிரந்தரமாக்கும் உத்தரவு கையெழுத்துக்குக் காத்திருந்தது. திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது. அதற்குள் வந்தவர்கள் படியேறிவிட்டார்கள்.

கொசுக்களுக்குப் பசி இருக்கிறதா என்றறிய எப்போதும் முதலில் வெறுங்கையை விட்டுப் பார்ப்பார்கள். அன்றைய அவசரத்தில் அது விடுபட்டது. மேடம் எண்ணெய் தடவிய கையை உள்ளே விட்டார். பத்து நிமிடம், இருபது நிமிடம். பந்தியில் ஒரு கை பார்த்துவிட்டு வந்த சம்பந்திகளைப் போல, கொசுக்கள் வலையோடு சாய்ந்து கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

“அபாரம் மேடம்! கைக்குழந்தைக்குன்னே தனி பாட்டில் போட்டுடலாம்,” என்றார் பருமனானவர்.

“தொட்டிலுக்கு வலையே வேண்டாம்னு விளம்பரம் குடுத்துடலாம் சார்,” என்றார் மற்றவர்.

அவள் பையிலிருந்த பஞ்சின் ஈரம் துணி தாண்டித் தொடையில் பிசுபிசுத்தது.

“என்ன அக்கா, உங்க பிள்ளைங்க தோத்துட்டாங்கன்னு மூஞ்சி இப்படி வெளிறிப் போச்சா?” மேடம் சிரித்தார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்.”

பருமனானவர் ஒப்பந்தத்தைப் பிரித்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“சார், ஒரு நிமிஷம் இருங்க.”

“அக்கா, என்ன பண்றீங்க?”

அவள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, எதுவும் தடவாத கையைக் கூண்டுக்குள் விட்டு, ஒன்றிலிருந்து அறுபதுவரை உரக்க எண்ணினாள். அதிலும் ஒரு கொசுகூட உட்காரவில்லை. பிறகு பையிலிருந்த பஞ்சை எடுத்து மேசைமேல் வைத்தாள்.