கிளச்சுக்கு ஒரு கால்

டாக்டரம்மாவின் காரில் காலடியில் இரண்டே மிதிகள்தான் இருந்தன. ஒன்று பிரேக், மற்றது ஆக்சிலேட்டர். கிளச் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ரப்பர் விரிப்பு கிடந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் டாக்டரம்மா தம் இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி அந்த விரிப்பின் மேல் வைத்துக்கொள்வார். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அந்தக் காலைச் சூம்ப வைத்திருந்தது. பயணம் முடிகிறவரை கால் அங்கேயே கிடக்கும். அதற்கு அந்த வண்டியில் வேலை இல்லை. சென்னையில் இருந்து தம் நாட்டுக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் டாக்டரம்மாவின் அப்பா தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்த அமெரிக்க வண்டி அது. கியர் தானே மாறிக்கொள்ளும். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருந்த காலம். ஊரில் அப்படி ஒரு வண்டியை யாரும் கண்டதில்லை. "தானா ஓடுற காரு" என்று கடைத்தெருவில் சொல்வார்கள். காதில் விழுந்தால் டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும். "தானா ஓடல. நான்தான் ஓட்டுறேன்" என்பார்.

திருக்கோகர்ணத்தில் அவர் நடத்திய சின்ன மருத்துவமனையில் நான் நர்ஸாக இருந்தேன். படிக்கட்டில் யாராவது கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தால் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டி மறித்துவிடுவார். "கால்தான் சரியில்ல. வாய் நல்லாத்தான் இருக்கு. வேணும்னா கேப்பேன்" என்று சொல்வார். ஆனால் அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. மருந்துப் பெட்டியைக்கூட அவரே தூக்கிக்கொள்வார். வண்டியில் நான் பின்சீட்டில்தான் உட்காருவேன். அந்தக் கார் அவருக்கு ஒரு வாகனம் மட்டுமல்ல என்பது எனக்குத் தெரிந்திருந்தது. உலகத்தில் ஒருவர் தயவும் இல்லாமல் அவர் நினைத்த இடத்துக்குப் போய்வர முடிந்தது அதில் மட்டும்தான்.

வாரத்தில் ஒருநாள் கறம்பக்குடிக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பார். அங்கே கடலை மண்டி வைத்திருந்த ஒரு முதலாளி தம் கட்டடத்தில் ஓர் அறையை அதற்காக ஒதுக்கித் தந்திருந்தார். அந்த ஐப்பசியில் நல்ல மழை. சாலை அரித்துக் கல் துருத்திக்கொண்டிருந்தது. ஆலங்குடியைத் தாண்டியதும் வண்டியின் அடியில் ஏதோ பலமாக இடித்தது. எப்படியோ கறம்பக்குடி போய்ச் சேர்ந்துவிட்டோம். மண்டி வாசலில் நிறுத்தி, நிழலுக்குத் தள்ளி வைக்கலாம் என்று மறுபடி கிளப்பியபோது எஞ்சின் உறுமியதே தவிரச் சக்கரம் நகரவில்லை. குனிந்து பார்த்தால், வந்த வழியெல்லாம் எண்ணெய் கோடு போட்டிருந்தது. கியர்ப்பெட்டி உடைந்துவிட்டது.  சாயங்காலம் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று டாக்டரம்மா உள்ளே போய் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

பாதி நோயாளிகள் போயிருப்பார்கள். வெளியே ஒரே கூச்சல். முதலாளியின் கார் டிரைவரை, கார்க் கொட்டகையில் கிடந்த சாக்குகளை நகர்த்தும்போது நல்லபாம்பு கடித்துவிட்டது. அவரைத் தூக்கி வந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நாற்பது வயது இருக்கும். புறங்கையில் இரண்டு பல் தடம். பாம்பைக் கண்ணால் பார்த்திருக்கிறார். டாக்டரம்மா அந்தக் கையை அசையாதபடி கட்டினார். விஷமுறிவு ஊசி எங்களிடம் கிடையாது. புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. பகல் பஸ் போய்விட்டது, அடுத்தது சாயங்காலம்தான். முதலாளியின் கார் கொட்டகையில் நின்றது. ஆனால் ஊரில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டரம்மா எழுந்து கொட்டகைக்குப் போய் அந்தக் காருக்குள் எட்டிப் பார்த்தார். மூன்று மிதிகள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் அந்த மூன்றாவது மிதியையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நெடுநேரம் போலத் தோன்றியது. முன்சீட்டு இடைவெளி இல்லாத ஒரே நீளப் பலகை. கியர்த் தண்டு ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்தது. அவர் திரும்பி என் கால்களைப் பார்த்தார்.

"ஏ புள்ள, செருப்பக் கழத்து. ஒன் கால எனக்குக் குடு."

எனக்கு விளங்கவில்லை.

"கிளச்சுக்கு ஒரு கால்தான வேணும்? என்கிட்ட இல்ல. ஒன்கிட்ட இருக்கு. எம் பக்கத்துல ஒட்டி உக்காந்து வலது கால நீட்டு."

டிரைவரையும் அவர் மனைவியையும் பின்சீட்டில் ஏற்றினார்கள். விஷயம் புரிந்ததும் டிரைவர் பதறினார். "டாக்டரம்மா, வேணாங்க. கியர் வண்டி ஒங்களுக்குப் பழக்கம் இல்லைங்க. கவுத்துருவீங்க."

"அப்ப நீங்க சொல்லிக் குடுங்க. புதுக்கோட்டை வர்ற வரைக்கும் வாய மூடக் கூடாது."

டிரைவர் சொல்லச் சொல்ல நான் மிதித்தேன். "முழுசா அமுக்குங்க. இப்ப ஒண்ணாவது கியர். காலை மெதுவா எடுங்க... மெதுவா!" வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி கிளப்பினோம். மறுபடியும் நின்றது. கூடி நின்றவர்களில் ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வண்டி நடுங்கும்ங்க. அந்த நடுக்கத்துல காலை நிறுத்தணும். பெறகுதான் விடணும்" என்றார் டிரைவர். அடுத்த முறை என் உள்ளங்காலில் ஒரு அதிர்வு ஏறியது. அங்கேயே நிறுத்தினேன். வண்டி ஊர்ந்து வெளியே வந்தது.

அந்தப் பாதையை இப்போது நினைத்தாலும் என் வலது கெண்டைக்கால் இறுகுகிறது. டாக்டரம்மா "அமுக்கு" என்றால் அமுக்குவேன், "விடு" என்றால் விடுவேன். அவர் சொல்வதற்கும் நான் செய்வதற்கும் இடையில் ஒரு நொடி பிந்தினால்கூடக் கியர்ப்பெட்டி அலறும். தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியில் பழகியவர் அவர். வேகம் குறைத்தால் வண்டி தானே சமாளித்துக்கொள்ளும் என்று கைகள் நம்பிவிட்டிருந்தன. இந்த வண்டி எதையும் தானாகச் செய்யாது. எதிரே மாட்டுவண்டி வந்தாலும், ஆடு குறுக்கே வந்தாலும் நாங்கள் இருவரும் ஒரே உடம்பு போல நடந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரே உடம்பாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

டாக்டரம்மா கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டாவது கியரில் எவ்வளவு தூரம் போகலாம், திருப்பத்தில் எதில் போகணும், சத்தம் இப்படி வந்தால் என்ன அர்த்தம். இவ்வளவு கேட்பானேன் என்று எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் டிரைவரின் பதில்கள் குழற ஆரம்பித்தன. "ரெண்டாவது" என்பது நாக்குப் புரளாமல் வந்தது. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கேட்டது கியருக்காக மட்டுமல்ல என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் குரலில் விஷம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காதால் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"கண்ணத் தெறக்க மாட்டேங்குறாரு டாக்டரம்மா" என்றார் டிரைவரின் மனைவி.

"விஷம் ஏறுனா இமை தொங்கும்மா. பயப்படாத. பேச்சுக் குடு."

ஆலங்குடிக்கு முன்னால் ஒரு தரைப்பாலம். காலையில் பாதம் நனையும் அளவுக்கு ஓடிய தண்ணீர் இப்போது செம்மண் நிறத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மா வண்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டார். தண்ணீரைத் தாண்டி அந்தப் பக்க மேட்டில் ஏறும்போது கியரைக் குறைத்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. பின்னாலிருந்து குரல் வரவில்லை. வண்டி உதறி நின்றது. நின்றதும் பின்னால் உருள ஆரம்பித்தது. டாக்டரம்மா பிரேக்கை அழுத்திப் பிடித்தார். பின்சக்கரத்தில் தண்ணீர் மோதுகிற சத்தம் கேட்டது.

"பேச்சு நின்னுருச்சு! டாக்டரம்மா, பேச்சு நின்னுருச்சு!"

டாக்டரம்மாவால் திரும்ப முடியாது. இருந்த ஒரே நல்ல கால் பிரேக்கில் இருந்தது. எடுத்தால் வண்டி ஆற்றில் போய்விடும். "மூக்குக்கிட்டக் கைய வையிம்மா. காத்து வருதா?"

"வருது... கொஞ்சமா வருது."

"வர்றது நின்னா கத்து. நிக்காத வரைக்கும் கத்தாத." பிறகு என்னிடம், மிகத் தாழ்ந்த குரலில், "ஹேண்ட் பிரேக்க நீ இழுத்துப் புடி. நான் கால ஆக்சிலேட்டருக்கு மாத்தணும். கிளச்ச நடுக்கம் வர்ற வரைக்கும் தூக்கு. எப்பன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஒனக்குத்தான் தெரியும்" என்றார்.

அவர் ஸ்டார்ட் செய்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாதத்தை மயிரிழை மயிரிழையாகத் தூக்கினேன். எஞ்சின் இரைந்தது. ரப்பர் கருகும் வாசனை வந்தது. உள்ளங்காலில் அந்த அதிர்வு ஏறி, முழங்காலுக்கு வந்து, இடுப்பில் நின்றது. ஹேண்ட் பிரேக்கை விட்டேன். வண்டி பின்னாலும் போகவில்லை, முன்னாலும் போகவில்லை. அந்தரத்தில் தொங்கியது போல இருந்தது. பிறகு மேடு எங்களுக்கு அடியில் மெல்ல நகர ஆரம்பித்தது.

ஆலங்குடியில் நிற்கவில்லை. புதுக்கோட்டைவரை டாக்டரம்மா "அமுக்கு", "விடு" என்று சொல்லவே இல்லை. அவர் இடது கை கியருக்குப் போவதைப் பார்த்து நான் மிதித்தேன். என் கால் எழுவதைப் பார்த்து அவர் ஆக்சிலேட்டரைக் கொடுத்தார். பின்னால் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் கணவரின் மூக்கருகே கையை வைத்தபடி வந்தார். அவர் கத்தவில்லை என்பது ஒன்றே எங்களுக்கு இருந்த தைரியம்.

பெரிய ஆஸ்பத்திரியில் டிரைவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டார்கள். மூச்சு விட வைக்கப் பம்பு வைத்துக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். டாக்டரம்மா சுவரில் சாய்ந்து நின்றபடியே இருந்தார்.  பொழுது சாய்கிற நேரத்தில் டிரைவர் இமையைப் பாதி தூக்கி மனைவியைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். கடிபட்ட கையில் ஒரு விரல் பிறகு மடங்காமலே போய்விட்டது. ஆனால் அந்தக் கையால் இன்னும் பல வருஷம் அவர் வண்டி ஓட்டினார்.

நாங்கள் வெளியே வந்தபோது ஆஸ்பத்திரி வேன் டிரைவர் வாசலில் காத்திருந்தார். நடந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சாவியக் குடுங்கம்மா. ஒங்கள வீட்டுல எறக்கிவிட்டு வாரேன்" என்றார்.

மிதித்து மிதித்து எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. டாக்டரம்மா கொடுத்துவிடுவார் என்று நிம்மதியாக இருந்தேன். டாக்டரம்மா சாவியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"வேணாங்க" என்றார் அவரிடம். "நாங்க ரெண்டு பேரும் போயிருவோம்."

விளக்கு ஏற்றுகிற நேரம். கடைவீதியில் நல்ல கூட்டம். ஒரு பெண் ஸ்டியரிங்கைப் பிடிக்க, இன்னொருத்தி அவர்மேல் சாய்ந்து குறுக்கே காலை நீட்டிக்கொண்டு போவதை ஜவுளிக்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நாற்சந்தியில் கியர் மாற்றும்போது வண்டி குலுங்கி நின்றுபோயிற்று. பின்னால் ஒரு ஜட்கா வண்டிக்காரர் சத்தம் போட்டார். தெருவே எங்களைப் பார்த்தது. டாக்டரம்மாவுக்கு அவமானமாக இருக்குமே என்று நான் பயந்துபோய்த் திரும்பினேன்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டிருந்தார். "இது ஒன் தப்பா, என் தப்பா?"

"தெரியலங்க டாக்டரம்மா."

"எனக்கும் தெரியல" என்றார். "சரி, அமுக்கு."