சுருளிப் பக்கம் ஒரு வீட்டு வண்டி, மூன்று நாள்

முதலில் ஓர் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 2008 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உத்தமபாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே நின்ற வேனுக்குள், கேஸ் அடுப்புக்கும் பின்கதவுக்கும் நடுவில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பதினெட்டு நிமிடம் குந்தியிருந்தேன். வெளியே நின்றது போலீஸ் இல்லை. என் சித்தப்பா மகன், டீ குடித்துக்கொண்டிருந்தான். எனக்கு வயது ஐம்பத்தொன்று.

காரணம் இத்தாலி. என் மனைவி செல்வியின் தம்பி அங்கே வேலை பார்க்கிறான். படுக்கை, அடுப்பு, குழாய் எல்லாம் வைத்த வண்டியில் குடும்பத்தோடு கடலோரக் கிராமங்களைச் சுற்றிவிட்டு, போட்டோக்களை மெயிலில் அனுப்பியிருந்தான். நான் கடலைப் பார்த்தேன். செல்வி, தம்பி மனைவியின் கையில் கரண்டி இல்லை என்பதைப் பார்த்தாள்.

"கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசம். எந்த ஊருக்குப் போனாலும் சொந்தக்காரக வீட்டு அடுப்படியிலதான் நிக்கிறேன். மூணு நாளு, ஒரு வீட்டு அடுப்படியிலயும் கால் வைக்க மாட்டேன். வச்சேன்னா, இனிமே உங்களோட எந்த ஊருக்கும் வரமாட்டேன்."

கம்பம் பள்ளத்தாக்கில் இது லேசுப்பட்ட காரியமில்லை. இங்கே ஓர் ஊருக்குள் நுழைந்துவிட்டு உறவுக்காரர் வீட்டில் கை நனைக்காமல் திரும்பினால், அதைப் பத்து வருடம் கழித்துக் காதுகுத்தில் வைத்துக் கேட்பார்கள். ஊருக்கு ஊர் எங்களுக்கு உறவு. ஆகவே செல்வி ஒரு விதி போட்டாள்: யார் கேட்டாலும் நாங்கள் திருப்பூர்க்காரர்கள்.

டிரைவர் காசி தன் வேனின் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை, அடுப்பு, இருபது லிட்டர் தண்ணீர் கேன், ஜன்னல் திரை எல்லாம் வைத்து, ஓட்டவும் தானே வந்தார். மூன்று நாள் வாடகை 2,700 ரூபாய், டீசல் தனி. சனிக்கிழமை காலை 6.40க்குத் தேனியில் கிளம்பினோம். கடல் இல்லாத குறைக்கு வைகை அணை, சுமார் இருபது கிலோமீட்டர். நீர் ததும்பிக் கிடந்தது. பொரித்த மீன் வாங்கினோம், டீ நான் போட்டேன். செல்வி காலை நீட்டி உட்கார்ந்து, அந்த டீயைக்கூடக் குறை சொல்லாமல் குடித்தாள்.

மறுநாள் தேனி வழியே ஐம்பது கிலோமீட்டர் வந்து, மேலே சொன்ன உத்தமபாளையம் அசிங்கத்தை முடித்துக்கொண்டு, கம்பம் தாண்டிச் சுருளி அருவிக்குப் போய்ச் சேரும்போது மணி 11.30. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் சொந்தக்காரர் யாரும் அவசரப்படுத்தாமல் நாற்பது நிமிடம் குளித்ததாகச் செல்வி சொன்னாள். திரும்பும் வழியில் ஒரு திராட்சைத் தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்தினோம்.

தோட்டக்காரர் ஒரு கூடை பன்னீர் திராட்சையோடு வந்தார். பெயர் தங்கராசு.

"எந்த ஊரு?"

"திருப்பூருங்க."

அவரும் விட்டுவிட்டார். பேச்சு மழை, விலை என்று போய் ஊர்க்கதைக்கு வந்தது. "சின்னமனூர்ல ஒரு கல்யாணமே நின்னு போச்சு தெரியுமா? பந்தியில பாயாசம் வைக்கலன்னு மாப்ள வீட்டாளுக எந்திரிச்சுப் போயிட்டாக!"

நாக்கைக் கடித்துப் பார்த்தேன். முடியவில்லை. தப்பான கதையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

"பாயாசம் இல்லண்ணே, அப்பளம். கல்யாணமும் நிக்கல. எந்திரிச்சதும் ரெண்டே பேருதான், ஒருத்தன் நான்."

தங்கராசு என்னைப் பார்த்தார். வேனுக்குள் ஒரு டம்ளர் கீழே விழுந்தது.

"அந்த வீட்டுப் பந்தியில திருப்பூர்க்காரனுக்கு என்ன சோலி? நீங்க யாரு வீடு?"

அடுத்த மூன்று கேள்வியில் அவர் செல்வியின் ஒன்றுவிட்ட பெரியப்பா மகன் என்று ஆகிவிட்டது. "ஏ ஆத்தா செல்வி! அண்ணன் தோட்டத்துல நின்னுக்கிட்டு ஒளிஞ்சா இருக்க? மாப்ள, வண்டிய வீட்டுக்கு விடச் சொல்லுங்க. கோழி அடிக்கணும்!"

வீடு நானூறு மீட்டர். போய் இறங்கியதும் தங்கராசுவின் மனைவி பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "வா செல்வி, இந்தத் தேங்காயத் துருவு, ரெண்டு பேருமா முடிச்சுருவோம்."

செல்வியின் வலது கால் அடுப்படி நிலைக்கு மேலே தூக்கியபடி நின்றது. என் மிச்சப் பயணங்கள் எல்லாம் அந்தக் காலில்தான் தொங்கின.

காலைப் பின்னால் வைத்தாள். "மதினி, கையக் கழுவுங்க. முதல்ல எங்க வீட்டப் பாக்க வாங்க."

இருவரும் வேனில் ஏறினார்கள். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் சத்தமும் கேட்டது.

"ஏ பேச்சி, கோழி?" என்றார் தங்கராசு.

உள்ளேயிருந்து பதில் வந்தது: "மசாலா அரைச்சு வச்சிருக்கு. நீங்களும் மாப்ளயும் பாத்துக்கங்க."

பார்த்துக்கொண்டோம். அவர் உப்புப் போட்டது தெரியாமல் நானும் போட்டேன். திரை இடுக்கு வழியாகத் தட்டுகள் உள்ளே போயின, காலியாக வெளியே வந்தன, பாராட்டு வரவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. திங்கள் மதியம் தேனி வந்து இறங்கும்போது செல்வி கேட்டாள்: "அடுத்து எங்கன போறோம்?"

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பருக்குள் போய்விடுங்கள், அருவியில் தண்ணீர் இருக்கும். அருவிக்கு ஞாயிறு வேண்டாம், கூட்டம். ஐந்து கிலோ சிலிண்டர் தாராளம். வாயை மூடிக்கொள்ளத் தெரியாதவர்கள் ஊர்ப்பெயரை மறைக்க முயல வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம் மெத்தை: நாலு அங்குல ஃபோம் போதும், இடுப்பு வலிக்காது, நன்றாகத் தூக்கம் வரும்.

இது செல்வியும் பேச்சியம்மாளும் சொன்னது. அணையில் தங்கிய இரவு குறட்டைக்காகச் செல்வி என்னை முன்சீட்டுக்கு அனுப்பிவிட்டாள், தங்கராசு வீட்டில் பேச்சியம்மாள் விடியும்வரை வேனை விட்டு இறங்கவில்லை. நான் அந்த மெத்தையில் படுக்கவே இல்லை.