மூன்றாவது பாட்டிலுக்குத் தயிர்சாதம்

பாரில் சப்ளையராக இருப்பவனுக்குக் கல்யாண வீட்டில் மரியாதை கிடையாது. ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு வந்த ஆம்பளைகளில் பாதிப் பேரை அவனுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு பெண்ணையும் பெற்று வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

எனக்குச் சொந்த ஊர் நகரி பக்கம். அப்பா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. நான் திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் ஒரு பாரில் பதினெட்டு வருஷம் ட்ரே தூக்கி, மகளை டிப்ளமா படிக்க வைத்தேன். சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வந்ததும் அவளுக்கு செல்போன் செய்கிற இடத்தில் வேலை கிடைத்தது. வரன் மட்டும் தங்கவில்லை. "பொண்ணோட நைனா பார்ல பாட்டில் தொறக்கிறாராமே" என்று இரண்டு இடம் கைநழுவிப் போனது. "ஓட்டல்ல வேலைன்னு சொல்லேன் நைனா" என்று மகள் கெஞ்சினாள். மாட்டேன் என்றேன். என் வேலையில் எனக்குப் பெருமை உண்டு. ஏன் என்று கேளுங்கள்.

டப்பா சோறு

என் டேபிளில் உட்கார்ந்தவருக்கு பீர் இரண்டு பாட்டில்தான். முதல் பாட்டில் வெயிலுக்கு, இரண்டாவது பேச்சுக்கு, மூன்றாவது வம்புக்கு. இது நான் படித்ததல்ல, பார்த்தது.

ஆரம்பத்தில் எனக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. ஒருநாள் நாயுடுபேட்டை லாரி டிரைவர் ஒருவர் மூன்றாவது பாட்டில் கேட்டார். வெளியே அவர் லாரி நிற்கிறது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பேசாமல் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, தயிர்சாதத்தைத் தட்டில் கவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன். முறைத்தார். பிறகு சாப்பிட்டார். சாப்பிட்டவர் லாரி கேபினில் ஏறிப் படுத்து, காலையில்தான் கண் விழித்தார். அன்று முதல் அதுவே என் வழக்கமாகிவிட்டது: மூன்றாவது கேட்டால் தயிர்சாதம் வரும்.

எங்கள் முதலாளி தெலுங்குக்காரர். "ஏம்ப்பா, இதி பாரா, அன்னதான சத்திரமா?" என்று குதித்தார். ஆனால் என் டேபிள்களில் சண்டை இல்லை, கிளாஸ் உடையவில்லை, வந்தவர்களே மறுபடி வந்தார்கள். இரண்டு மாதம் பார்த்தார். ஒருநாள் மெனு எழுதுகிறவரைக் கூப்பிட்டு, தயிர்சாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார்: "ஒரேய், கடைசில பெருகன்னம்னு கூட ராசேய்!"

மேலே போகிறவரா, கீழே வந்தவரா

மற்ற ஊர் பாரில் சப்ளையர் முகத்தைப் பார்ப்பான். திருப்பதியில் தலையைப் பார்ப்பான். மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தால் மலையிலிருந்து இறங்கியவர், தாராளமாகக் கொடுக்கலாம். முடி இருந்தால், "சாமி பார்த்தாச்சாண்ணா?" என்று கேட்பேன். மேலே போகிறவருக்கு நான் பாட்டில் திறப்பதில்லை. சிலர் முறைப்பார்கள். பலர் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

ஒரு மத்தியானம் திருவள்ளூர்க்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தலை பளபளவென்று இருந்தது. கேட்கவே இல்லை நான். கூலிங் பீரைத் திறந்து வைத்துவிட்டேன். அவர் பதறிப்போய், "நான் சாப்பாடு கிடைக்குமான்னு வந்தேம்ப்பா. இது சாமிக்குக் குடுத்தது இல்ல, தானா கொட்டிப்போச்சு. இன்னும் மேலயே போவல!" என்றார். பாரே சிரித்தது. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு அதே ஆள், அதே தலையில் இப்போது சந்தனத்தோடு வந்து உட்கார்ந்தார். "நேத்து தொறந்தியே தம்பி, அது இன்னும் கூலிங்காகீதா?"

ஒரு பாட்டில், இரண்டு மணி நேரம்

குவைத்திலிருந்து நாலு வருஷம் கழித்து லீவில் வந்த புத்தூர்க்காரர் ஒருவர், மச்சானையும் பழைய கூட்டாளிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த நாட்டில் பீர் கிடையாது. காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி விழப்போகிறார் என்று நினைத்து, டப்பா சோற்றைத் தயாராக வைத்திருந்தேன்.

மனிதர் ஒரே ஒரு பாட்டில் வாங்கினார். ஒரு வாய் குடிப்பார், கால் மணி நேரம் பேசுவார். ஊரில் செத்தவர்கள், பிறந்தவர்கள், மாரியம்மன் கோயிலுக்கு யார் பெயிண்ட் அடித்தது, எல்லாம் கேட்டார். மச்சான் சிரித்த சிரிப்பில் வேர்க்கடலைத் தட்டு கீழே விழுந்தது. பீருக்கு இதைவிட நல்ல சைட் டிஷ் நான் பார்த்ததில்லை. "சூடாயிடுமேண்ணா, சீக்கிரம் குடிங்க" என்றேன். அவர் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டார். "அங்க ரூம்ல எட்டு பேரு, ஒருத்தனுக்கும் என் பேச்சு புரியாது. இத முடிச்சிட்டா எழுந்து போவணும் இல்ல தம்பி?"

வரப்போகிற சம்பந்தி

மூன்றாவது வரன் மகளோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் போகிற பையன். பெண் பார்த்துப் பிடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வாரமே பையனின் அப்பா, சத்தியவேட்டு விவசாயி, தனியாக பாருக்கு வந்து என் டேபிளில் உட்கார்ந்தார். "வேலை செய்யற எடத்தையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். துடைத்த டேபிளையே மறுபடி துடைத்தேன்.

இரண்டு பாட்டில்வரை தங்கமான மனிதர். வேர்க்கடலை விளைச்சல், மகன் சின்ன வயதில் கிணற்றில் விழுந்தது எல்லாம் சொல்லிச் சிரித்தார். பிறகு, "இன்னொண்ணு கொண்டா சம்மந்தி" என்றார். சம்பந்தி! அந்த ஒரு சொல்லுக்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். கல்லாவிலிருந்து முதலாளி, கொடுத்துத் தொலை என்று கண்ணைக் காட்டினார். சமையல்கட்டுக்குப் போனேன். மகள் முகம்தான் கண்ணில் நின்றது. இவருக்குக் கொடுத்தால், பதினெட்டு வருஷமாக நான் செய்தது வெறும் பாட்டில் திறக்கிற வேலைதான் என்று ஆகிவிடும்.

தயிர்சாதத்தைக் கொண்டுபோய் வைத்தேன், ஓரத்தில் நார்த்தங்காய் ஊறுகாயோடு. அவர் சிரிப்பு நின்றது. "சம்மந்திக்கே இல்லியா?" என்றார். "நாலு மணிக்கு பஸ்ஸு. என் பொண்ணு வரப்போற ஊட்டுக்கு நீங்க நேரா நடந்து போவணும்" என்றேன். சாப்பிட்டார், கை கழுவினார், போய்விட்டார்.

நாலு நாள் தகவல் இல்லை. "உனுக்கு தயிர்சோறு பெரிசா, பொண்ணு பெரிசா?" என்று கேட்டதோடு வீட்டுக்காரி பேச்சை நிறுத்திவிட்டாள். மகள் தினமும் அந்தப் பையன் வருகிற பஸ்ஸிலேயே வேலைக்குப் போய்வந்தாள். அதுதான் அதிகம் வலித்தது. ஐந்தாம் நாள் காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. தாம்பூலத் தட்டோடு முதலில் இறங்கியவர் பையனின் அம்மா. பின்னால் அவர், தலையைக் குனிந்தபடி. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முப்பது வருசமா நான் சொல்லிக் கேக்காத மனுசனுக்கு, போதும்னு சொன்ன ஆம்பள யாருன்னு பாக்கணும்னுதாண்ணா வந்தேன்."

கல்யாணப் பந்தியில் சம்பந்தி மூன்றாவது முறையாகத் தயிர்சாதம் கேட்டபோது மட்டும் நான் இல்லையென்று சொல்லவில்லை.