அம்மாவின் கொண்டை ஊசி

கிருஷ்ணகிரியைத் தாண்டி வேகம் எண்பதைத் தொட்டதும், அப்பாவின் பழைய காரில் ஸ்டியரிங் உதறியது. ஓசூர் மெக்கானிக் சக்கரங்களை பேலன்ஸ் பார்த்தார், சரியாக இருந்தன. பிறகு அடியில் படுத்தவர் கத்தினார்.

"சார், சக்கரத்தத் திருப்புற ராடுல நட்டு லூசா ஆடுது. நட்டு கழலாம இருக்க போடுற பின்னுக்குப் பதிலா எவனோ கொண்டை ஊசிய சொருகி வச்சிருக்கான்!"

கொண்டை ஊசி என்றதும் பழைய பயணம் ஒன்று நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். ராயக்கோட்டைச் சாலையில் இதேபோல் ஸ்டியரிங் உதற, அப்பா வண்டியை ஓரங்கட்டி அடியில் நுழைந்தார். கம்பெனியில் பிட்டர் அவர். கையில் கிடைத்ததை வைத்து எதையும் ஓடவைத்துவிடுவார். கிரீஸ் படிந்த கை மட்டும் வெளியே நீண்டது.

"சாந்தி, தலையில இருக்கற ஊசியக் குடு. ஹாரன் ஒயரு கழண்டுகிச்சு."

அதன்பின் வழியெல்லாம் அம்மாவின் அவிழ்ந்த கூந்தல், தேங்காயெண்ணெய் வாசனையோடு பின்சீட்டில் என் முகத்தில் அடித்தது. நானும் தங்கையும் "வேகமா, வேகமா" என்று கத்தினோம். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மெக்கானிக் துருப்பிடித்த ஊசியை என் உள்ளங்கையில் வைத்தார். என்னோடு வந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். அவள் கை தானாகத் தன் கொண்டைக்குப் போனது.

"ஊட்டுக்கு வந்ததும், ஊசி ஹாரனுக்கு இல்லன்னு எங்கிட்ட உண்மையச் சொன்னாரு. மறுநாளே அத எடுத்துட்டு புது பின்னு மாத்திட்டேன்னும் சொன்னாரேடா!"