முழுக்கோழியும் மச்சினனும்

துரை பங்களாவில் சமையல்காரனாக இருந்தேன் என்று சாலைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அங்கே கிணற்றுத் தண்ணீர்தான் கோரி ஊற்றினேன்.

இன்று மத்தியானம் மச்சினன் வந்தான். அவன் வேலை பார்க்கிற துரைக்குச் சமையல்காரன் வேண்டுமாம்.

"அத்தான், ஒரு முழுக்கோழி சுட்டுக் காட்டும். நல்லாயிருந்தா சொல்லிப் பாக்கேன். எங்க இருக்கப் போவுது."

"ஒன் மூஞ்சிய விட நல்லா இருக்கும்லே."

உப்பு, மிளகு, வெண்ணெய் தடவி, உருளியில் வைத்து மூடி, மேலே தேங்காய்ச் சிரட்டைக் கனல் போட்டேன். மணம் தெருவரைக்கும் போனது.

"மணத்தத் திங்க முடியுமா, அத்தான்?"

எங்கள் வீட்டில் கோழியைத் துண்டு போட்டே பழக்கம். முழுசாக வைத்தால் கழுத்தடி இரைப்பையை எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மச்சினன் கோழிக் கழுத்தில் கத்தியை வைத்தான். இலையில் ஒரு பிடி நெல் கொட்டியது.

அவன் கை கழுவிப் போய்விட்டான். கேட்கிறவர்களிடம் சொல்லுங்கள், நெல் நன்றாக வெந்திருந்தது.