கடித்துப் பார்த்த விதை

போர் முடிந்து சனம் மீள்குடியேறிய காலம். நானாட்டானில், நிவாரணமாகக் கிடைத்த சோள விதைப் பையோடு ஒரு அம்மா தன் காணியில் நின்றார். வெயிலில் கறுத்து மெலிந்த முகம். எந்த விதையையும் கடித்துப் பார்த்தே விதைப்பவர். இந்த விதையிலோ பூச்சி அரிக்காமலிருக்கச் சிவப்பாக நஞ்சு பூசியிருந்தது. வாய்வரை கொண்டுபோய்க் கையை இறக்கினார்.

“விதைக்காதேங்கோ அம்மா. மரபணு மாத்தின விதையாயும் இருக்கலாம்,” என்றேன். அத்தகைய விதைகளுக்குக் கடும் சட்டம் கேட்டு ஊரூராகத் திரிந்தவன் நான்.

“நிச்சயமாத் தெரியுமோ?”

“தெரியாது. அதைப் பையில எழுத வைக்கத்தான் சட்டம் கேக்கிறம்.”

“எப்ப வரும்?”

வானம் இருண்டு வந்தது.

“மழை இண்டைக்கே வந்திடும் தம்பி. என்னட்ட வேற விதை இல்லை.”

சட்டென்று ஒன்றை எடுத்துக் கடித்தார்.

“துப்புங்கோ!” என்று கத்தினேன்.

துப்பினார். “நல்லாக் காஞ்சிருக்கு,” என்றபடி விதைக்கக் குனிந்தார்.

அவர் கடித்தது என்ன விதை என்று இன்றும் எனக்குத் தெரியாது.